அக்காவின் ரிப்போர்ட் பார்த்தேன்

அன்புள்ள மக்கா,

இத்தனை நாள் பதில் போடாததற்கு நீ திட்டியது நியாயம்தான். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா? மார்த்தாண்டத்துத் தேன் உன் கடனில் நிற்கிறது.

அக்காவின் ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தேன். தைராய்டு புற்றுநோயில் பாப்பில்லரி என்ற வகை, 1.4 சென்டிமீட்டர், வலது பக்கம் மட்டும், கழுத்தில் நெறிகட்டவில்லை. டாக்டர் பாதிச் சுரப்பியை எடுத்தால் போதும், மிச்சமிருக்கும் புற்றுசெல்லை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேண்டாம் என்றதற்கு அத்தான் ஏன் கொதிக்கிறார்? பி.டி. மாஸ்டருக்கு முழுசாக எடுத்து அயோடினும் கொடுத்தார்களே என்கிறாராம். மாஸ்டருடையது ஃபாலிகுலர் என்ற வேறு வகை. அது ரத்தக்குழாய் வழியே பரவும் ரகம். அவருக்கு இடுப்பெலும்பு வரை போயிருந்தது. கழுத்தில் தைராய்டு மிச்சம் இருந்தால் கதிரியக்க அயோடினை அதுவே இழுத்துக்கொள்ளும், எலும்புக்குப் போதுமான அளவு சேராது. அதனால்தான் முழுசாக எடுத்தார்கள்.

அக்காவுக்கு அந்தத் தேவையே இல்லை மக்கா. முழுசாக எடுத்தால் குரல் நரம்பு இரண்டுக்கும் ஆபத்து. பின்னால் ஒட்டியிருக்கும், கால்சியத்தைக் கவனிக்கும் குட்டிச் சுரப்பிகளான பாராதைராய்டு நான்கும் அடிபட்டால் கால்சியம் இறங்கி உதடும் விரல்நுனியும் மரமரக்கும், கை இழுக்கும். ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை வேறு. பாதி என்றால் மறுபக்கம் தொடப்படாது. மாத்திரை தேவையா என்பதை ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். 2 சென்டிமீட்டருக்குள், நெறிகட்டாமல் இருந்தவர்களுக்கு முழுசாக எடுத்த பிறகும் அயோடின் கொடுத்ததில் மூன்று வருடத்தில் கூடுதல் பலன் இல்லை என்று 2022-ல் பிரான்ஸ் ஆய்வு காட்டிவிட்டது.

அத்தான் போனில் படித்து மிரண்ட 'ஆறு மாசம்தான் உயிர்' என்பது அனாபிளாஸ்டிக் என்ற மூர்க்கமான வகைக்கு உள்ளது. அது வாரக்கணக்கில் வீங்கும், பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கு, நூற்றில் ஒன்றிரண்டுதான். மெடுல்லரி என்ற இன்னொரு வகை வேறு கதை. அதன் செல்கள் அயோடினை எடுக்கவே எடுக்காது.

ஆனால் ஒன்றில் நீ பிடிவாதமாக இரு. எடுத்த கட்டியின் முழு பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வாங்கு. அதில் ரத்தக்குழாய்க்குள் ஊடுருவல், 'டால் செல்' (பாப்பில்லரியிலேயே கொஞ்சம் முரட்டு ரகம்), நெறியில் பரவல் என்று இருந்தால் மீதிப் பாதியையும் எடுக்க வேண்டி வரலாம். அதை இப்போதே அக்காவிடம் சொல்லி வை, அப்போது இடி விழுந்த மாதிரி இருக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு முன் குரல்நாணை ஸ்கோப்பில் பார்த்துவிடச் சொல். அத்தானுக்கு மனசு ஆறவில்லையென்றால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இன்னொரு கருத்து கேளுங்கள். காகிதம் மட்டும் போதாது, ஊசி குத்தி எடுத்த ஸ்லைடுகளை லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போ.

தேதி குறித்ததும் போன் பண்ணு, களியக்காவிளைக்கு வந்து நிற்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சு