அம்மாவின் பெருவிரலை ஒருமுறை பாருங்கள்

மதிப்புக்குரிய சார்பதிவாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் தாயாரின் 42 சென்ட் நிலம் சென்ற ஆண்டு அவருக்கே தெரியாமல் கிரையமான கதையை மறுபடி எழுதப்போவதில்லை. என் மூன்று மனுக்களும் தங்கள் மேசையில்தான் இருக்கின்றன. "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று போன திங்கட்கிழமையும் அதே பதிலைச் சொன்னீர்கள். அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

பத்திரத்தை ரத்து செய்யத் தங்களுக்கு அதிகாரமில்லை என்பது எனக்கும் தெரியும். பதிவுச் சட்டத்தில் அதற்கென வந்த 77ஏ பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்துவிட்டது. நான் ரத்து கேட்கவில்லை. ஆள்மாறாட்டம் செய்தவர்கள்மீது தாங்களே புகார் கொடுங்கள் என்கிறேன். பதிவுச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு அதற்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமையை 83-ஆம் பிரிவு சார்பதிவாளருக்கும் தருகிறது. கிரையப் பத்திரத்தைப் போலியாக உருவாக்கினால் ஆயுள் தண்டனைவரை விதிக்க, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 338-ஆம் பிரிவில் இடமுண்டு. இத்தனை இருந்தும் அம்மாவின் பெயரில் நடித்த பெண் எங்கோ நிம்மதியாக இருக்கிறாள். வில்லங்கச் சான்றிதழுக்கு அலைவது அம்மா.

அம்மாவின் இடது பெருவிரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு, ரேகையைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓடுகிறது. பத்திரத்திலுள்ள ரேகையில் அப்படியொரு கோடே இல்லை. திங்கட்கிழமை அம்மா விரலை நீட்டிக்கொண்டு தங்கள் மேசைமுன் நின்றார். தாங்கள் கணினியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. எழுபத்து நான்கு வயதுக்காரர், நீட்டிய விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திரும்பினார். அழுக்காக இருப்பதால்தான் பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாராம்.

பத்திர நகல் வாங்க அம்மாவிடம் மூன்று அடையாள அட்டைகள் கேட்ட அலுவலகம் இது. நிலத்தையே விற்க வந்தவளிடம் எத்தனை கேட்டீர்களோ! போலிகளுக்குத் தனி வரிசை இருந்தால் சொல்லுங்கள், அடுத்தமுறை நாங்களும் அதிலேயே வருகிறோம்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. போலி ஆவணத்தை உருவாக்கியவர் இன்னார் என்று நிரூபிக்காமல், அதனால் பயனடைந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை அந்தக் குற்றத்துக்குத் தண்டிக்க முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கிலும் ஆள்மாறாட்டம் செய்தவர் அகப்படவேயில்லை. இங்கே அவளுடைய புகைப்படம், ரேகை, இரண்டு சாட்சிகளின் முகவரி எல்லாம் தங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. தாங்கள் புகார் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பது?

வரும் வெள்ளிக்கிழமை அம்மாவை மீண்டும் அழைத்து வருகிறேன். முழங்கால் வலியால் அவரால் மாடியேற முடியாது. தயவுசெய்து கீழே இறங்கிவந்து அந்த விரலைப் பாருங்கள். பார்த்த பிறகு, காவல் நிலையத்துக்குப் போகும் புகாரில் தங்கள் கையெழுத்து இருக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலத்துக்காரியின் மகன்