தெரபி ரூம்ல போடுற பட்டன் வீட்லயும் போடணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களுக்குக் குடுக்குற ஆக்குபேஷனல் தெரபி, அதாங்க ஓ.டி., அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குற பயிற்சி, அதை நம்ம ஆளுங்க நிறைய பேர் வெறும் விளையாட்டுன்னு நினைக்கிறாங்க, ஊஞ்சல்ல ஆட்டுறாங்க பாசி கோக்க விடுறாங்க இதுக்கா காசுன்னு கேக்குறாங்க. அந்தப் பாசி கோக்குற விரல்தான் நாளைக்கு சட்டை பட்டன் போடணும். ஆனா அது தானா நடக்காது.

என் தங்கச்சி பையனுக்கு ஏழு வயசு, இங்க டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கான். தெரபி ரூம்ல பலகையில தச்ச பெரிய பட்டனை டக்குனு மாட்டுவான், வீட்ல ஸ்கூல் சட்டையைக் குடுத்தா கையே ஓடாது. பிடிவாதம் இல்லீங்க இது. ஒரு இடத்துல பழகினதை இன்னொரு இடத்துல செய்யுறது இந்தப் பிள்ளைங்க பல பேருக்குக் கஷ்டம். விஷயத்தைச் சொன்னதும் அவனோட தெரபிஸ்ட் பொண்ணு அந்தச் சட்டையவே எடுத்துட்டு வரச் சொல்லிட்டா. இப்ப மேல இருக்குற பட்டனெல்லாம் அம்மா போட்டுருவா, கடைசி பட்டனை பாதி ஓட்டைக்குள்ள தள்ளி விடுவா, மீதியை அவன் இழுக்கணும், அது பழகினதும் கடைசி ரெண்டு, இப்படியே பின்னாலருந்து முன்னுக்கு. வேலையை முடிக்கிற சந்தோஷம் தினமும் அவனுக்குத்தான். பல் தேய்க்கிறதை படிப்படியா காட்ட கடையில விக்குற கார்ட்டூன் படம் அவனுக்கு சரிப்படல, எங்க வீட்டு பேசின், அவனோட பிரஷ், அந்தக் குழாய் எல்லாத்தையும் போன்ல படம் புடிச்சு வரிசையா செவுத்துல ஒட்டினோம்.

பெத்தவங்க தெரபி முடிஞ்சு கிளம்புறப்ப, இதையே வீட்ல எப்படி செய்யுறதுன்னு கண்டிப்பா கேளுங்க. ப்ரைவேட்ல போனா தெரபிஸ்டுக்கு எச்பிசிஎஸ்ஏ, அதாங்க தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சில், அதுல பதிவு இருக்கான்னும் பாருங்க.

கோயில் கமிட்டிக்காரங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தைப்பூசக் காவடி அன்னிக்கு உறுமி சத்தம், கற்பூரப் புகை, இடிக்கிற கூட்டம், இதுல ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு அலறினா உடனே வளர்ப்பு சரியில்லன்னு அம்மாவைத்தான் பேசுறாங்க, மனசு கொதிக்குது. சத்தமும் தொடுதலும் சில பிள்ளைங்களுக்கு ரொம்ப உறைக்கும், டாக்டருங்க ஆட்டிசம் மாதிரி விஷயங்களைக் கண்டறிய வச்சிருக்கிற கையேடு, 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதுலயே இதை ஆட்டிசத்தோட அடையாளங்கள்ல ஒண்ணா சேத்துட்டாங்க. நாங்க கூட்டமில்லாத நாள்ல கூட்டிட்டுப் போயி, வீட்ல மேளத்தை மெதுவா போட்டுக் கேக்க வச்சு, கொஞ்சம் கொஞ்சமா பழக்கிட்டுத்தான் இருக்கோம். மேளத்துக்கு தள்ளி ஒரு ரூமைத் திறந்து விடுங்க, ரெண்டு பாய் விரிச்சா போதும், பிள்ளை ஆறினதும் நாங்களே திரும்ப சாமி கும்பிட கூட்டிட்டு வந்துருவோம்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா, டர்பன்