தொலைபேசி நேரலையும் மஞ்சளாகும் பயிரும்: வானொலி நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஆகாசவாணி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் விழுந்தது. வானொலியில் கேட்டுத்தான் உழவர்கள் அதை நம்பி விதைத்தார்கள். அந்த நம்பிக்கை இன்றைய தொலைபேசி நேரலைகளில் எங்கே நழுவுகிறது என்று சொல்லத்தான் இம்மடல்.

வருகிற அழைப்பை விசாரிக்காமல் நேரலையில் கோத்துவிடுகிறீர்கள். “பயிர் மஞ்சளா நிக்குது, என்னங்க அடிக்கலாம்?” என்கிறார் ஒருவர். வல்லுநரும் பொத்தாம்பொதுவாக நாலு மருந்து சொல்லி வைக்கிறார். அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறையா என்று பார்க்க வேண்டும். குருத்து வெளுத்தால் இரும்புச்சத்து. இதைக் கேட்காமல் சொன்ன மருந்தைப் பக்கத்து வயல்காரரும் வாங்கி அடிப்பார், அதுதான் வினை. நேரலைக்கு அரை மணி முன்பே அழைப்புகளை வாங்குங்கள். என்ன ரகம், நட்டு எத்தனை நாள், எந்த இலையில் தொடங்கியது, கடைசியாக என்ன உரம் போட்டார் என்ற நான்கையும் எழுதிய சீட்டு வல்லுநர் கையில் இருக்கட்டும்.

அளவைப் பேச்சு இன்னொரு தொல்லை. ஹெக்டேருக்கு இவ்வளவு கிலோ என்று சொன்னால், மா கணக்கில் உழுகிறவர் என்ன செய்வார்? ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். மூன்று மா சேர்ந்தால் ஏக்கர். வகுக்கும் வேலையைத் தொகுப்பாளர் அங்கேயே முடித்துச் சொல்லட்டும். பூச்சிமருந்து என்றால் 10 லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி, ஏக்கருக்கு எத்தனை டேங்கு என்று இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் மருந்து கூடும், அல்லது குறையும்.

அழைப்பவர் வீட்டு ரேடியோ பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்தால் ஒலி சுற்றி வந்து ஊளையிடும். செயலியில் கேட்பவருக்கோ அவர் குரலே பல நொடி கழித்து வந்து பேச்சைக் குழப்பும். “ரேடியோவைக் குறைங்க” என்று நேரலையில் கெஞ்சுவதைவிட, காத்திருக்கும்போதே அணைக்கச் சொல்லிவிடலாம்.

அரை மணியில் வாழ்த்தும் அறிமுகமும் 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஆளுக்கு 3 நிமிடம் வைத்தாலும் 8 பேர் பேசிவிடலாம். சிறப்பு விருந்தினரின் தொடக்க உரையே பாதி நேரத்தைத் தின்றால் அது நேயர் நிகழ்ச்சியா என்ன?

முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல் கேள்விகளுக்கு “ஆபீசுக்கு நேரில் வாங்க” என்பதே அதிகாரியின் பதிலாக வருகிறது. ஏற்கெனவே நாலு தடவை போய் வந்தவர்தானே வானொலிக்குப் பேசுகிறார்! மனு எண்ணையும் கொடுத்த தேதியையும் நேரலைக்கு வெளியே வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணை ஒலிபரப்ப வேண்டாம். அடுத்த வாரத்தின் முதல் 3 நிமிடம், போன வார மனுக்கள் எந்த மேசையில் நிற்கின்றன என்று அதே அதிகாரி சொல்லட்டும். பதில் வராதவற்றையும் படியுங்கள்.

கடைசியாக, தொலைபேசி எண். ஒரே மூச்சில் பத்து இலக்கத்தையும் உருட்டிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறீர்கள். முதல் தடவை காதில் விழும்போதுதான் நாங்கள் பேனாவே தேடுவோம். இரண்டிரண்டு இலக்கமாக, நிறுத்தி, மூன்று தடவை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகை நேயர்கள் சிலர்