அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக்கூடத் தலைக்கு டை வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

வீட்டில் எல்லோரும் நலம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் அப்பா விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விடுகிறார். செவலை கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. மற்றச் செய்திகளையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு நீ தொலைபேசியில் போகிற போக்கில் சொன்ன ஒன்று வேறு எதையும் ஒழுங்காக எழுதவிட மாட்டேன் என்கிறது. "பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு தடவை டை அடித்துக்கொள்கிறேன் அம்மா, அப்புறம் விட்டுவிடுகிறேன்" என்றாய். அப்பாவும் பெரியம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அனுப்புகிற செய்திகளுக்கு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அவ்வளவுதான். அன்று நான் சொன்ன "பார்க்கலாம்" உன் காதில் சம்மதமாக விழுந்திருக்குமோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வேண்டாம், கண்ணு. ஒரு தடவைகூட வேண்டாம்.

பெருந்துறைக் கல்யாணத்தன்று விடியற்காலையில் நீ இருந்த கோலத்தை நீ பார்க்கவில்லை, ஏனென்றால் உனக்குக் கண்ணே திறக்கவில்லை. நான் பார்த்தேன். முந்தைய நாள் இரவு டை அடித்துக்கொண்டு படுத்தவனுக்கு இமைகள் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு, காதோரமும் பிடரியும் சிவந்து நீர் கசிந்துகொண்டிருந்தன. சீர் நடக்கிற நேரத்தில் மண்டபத்தின் பின்வாசல் வழியாக உன்னை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கேட்டவர்களிடம் குளவி கொட்டிவிட்டது என்று உன் அக்கா சொல்லிச் சமாளித்தாள். இந்தச் சாயம் இனி உங்களுக்கு வாழ்நாள் முழுவதும் ஆகாது என்று அந்த மருத்துவர் வாயால் சொன்னதோடு நிற்காமல் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. உன்னிடம் ஒரு நகல் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் எடுத்துப் படி.

எட்டு வருடம் அடித்தபோது ஒன்றும் ஆகவில்லையே, ஏதோ அந்த ஒரு பாக்கெட்டில்தான் கோளாறு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என அக்கா சொன்னாள். திருப்பூர்ச் சாயக்கழிவால் கெட்டுப்போன ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த உனக்குச் சாயத்தைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனாலும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். டையில் இருக்கிற பாரா-பினைலின்டைஅமின் (சுருக்கமாக பி.பி.டி.) மிகச் சிறிய மூலக்கூறு. அம்மோனியா முடியின் மேற்செதிலைத் திறந்துவிட, அது உள்ளே நுழைகிறது. கூடக் கலக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்ததும், துணைப்பொருள்களோடு சேர்ந்து திரும்ப வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிய நிற மூலக்கூறாகி அங்கேயே தங்கிவிடுகிறது. முடி உயிரில்லாதது, அதற்கு ஒன்றும் தெரியாது. அதே மூலக்கூறு உச்சந்தலைத் தோலிலும் இறங்குகிறதே, அந்தத் தோலுக்கு உயிர் இருக்கிறது. பல ஆண்டுகள் பேசாமல் பொறுத்துக்கொண்ட உடல் ஏதோ ஒரு தடவையில் அதைப் பகையென்று குறித்துக்கொள்கிறது. குறித்துக்கொண்ட செல்கள் அதன் பிறகு அதை மறப்பதில்லை. அடுத்த முறை இதைவிடக் கடுமையாகவும் வரலாம். அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இந்தப் பி.பி.டி.யைத்தான்.

அம்மோனியா இல்லாத டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லாதே. உனக்கு ஆகாதது அம்மோனியா இல்லை. பி.பி.டி. இல்லை என்று அட்டையில் அச்சடித்தவற்றிலும் அதற்கு நெருங்கிய உறவான டொலுயீன்-2,5-டைஅமின் இருப்பதுண்டு. ஒன்றைத் தாங்காத உடல் மற்றதையும் தாங்காமல் போகலாம். கருப்பு மருதாணி என்று விற்கிற பொட்டலங்களும் அப்படித்தான். வெறும் மருதாணி நரையின் மேல் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், ஒருபோதும் கருப்பாகாது. கருப்பாக்குகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ சேர்த்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடிக்கலாம் என்று அட்டையில் போட்டிருப்பது புதிதாகப் பூசுகிறவர்களுக்கு. உனக்கு அந்தச் சோதனை தலை முழுவதும் நடந்து முடிந்துவிட்டது. பல் மருத்துவரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிடு. மரத்துப்போகத் தடவுகிற சில மருந்துகளும் இதற்கு உறவானவை என்பதால் அவையும் உனக்கு ஆகாமல் போகலாம்.

இனி நரையைப் பற்றி. நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பிடுங்குவாய். ஆசியர்களுக்கு 25 வயதுக்குள் வந்தால் அதை இளநரை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். உனக்கு வந்தது அதுதான். பி12 பார்த்தோம், தைராய்டு பார்த்தோம், இரும்புச்சத்து பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருந்தன. பெரியப்பாவுக்கு அவருடைய கல்யாணப் படத்திலேயே தலை பாதி வெள்ளை. அப்பத்தாவை நாங்கள் யாரும் கருப்புத் தலையோடு பார்த்ததே இல்லை. மயிர்க்காலின் அடியில் நிறத்தைச் செய்கிற செல்கள் உங்கள் வழியில் சீக்கிரமே வேலையை முடித்துக்கொள்கின்றன. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றுமில்லை என்கிறார்கள்; பெண் பார்க்க நாள் குறித்ததும் டை பாக்கெட்டை நீட்டுகிறவர்களும் அவர்களேதான்.

சித்திரையில் நீ தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, வளர்ந்தவரை உப்பும் மிளகுமாக வந்து இறங்கினாயே, அன்று நான் எதுவும் சொல்லவில்லை. டையை நிறுத்திவிட்டதை என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் முதலில் சொல்லியிருக்கிறாய் என்ற வருத்தம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் மறுநாள் சென்னிமலைப் படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தபோது, பிடரியும் காதோரமும் அந்த வெள்ளையும் எல்லாம் சேர்ந்து உன் அப்புச்சி ஏறுவது போலவே இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தாய் தெரியுமா! மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் முடி வளரும். அந்த இரண்டு நிறத் தலையோடு அலுவலகத்தில் மூன்று மாதம் நடமாடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை நீ யாருடைய துணையும் இல்லாமல் செய்து முடித்தாய். முடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் கலைக்கப் பார்க்கிறாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவும் பெருந்துறைக்குப் பிறகு மீசைக்கு அடிப்பதை விட்டுவிட்டார், நீ கவனித்தாயோ என்னவோ. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தை மாதம் பார்த்த வீட்டார் உன் வயதைக் குறைத்துச் சொல்கிறோமா என்று தரகரிடம் கேட்டது உன் மனதில் தங்கிவிட்டது. எனக்கும்தான். நம் பக்கத்தில் இன்று பெண் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குலக்கூட்டம் பார்த்து, ஜாதகம் பார்த்து, வேலை பார்த்து, சொந்தக் காடு இருக்கிறதா என்று பார்த்து, எல்லாம் பொருந்தி வந்த இடத்தில் தலைமுடிக்காகத் தட்டிப்போகிறதென்றால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்காகக் கருப்படித்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், அந்தக் கருப்பைப் பார்த்துச் சம்மதிக்கிற பெண்ணுக்கு நீ காலம் முழுவதும் அந்தக் கருப்பைக் காட்ட வேண்டியவனாகிவிடுவாய். மூன்று வாரத்தில் வேர் வெளுக்கும். அப்போது என்ன செய்வாய்? கண் வீங்கினாலும் பரவாயில்லை என்று குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மறுபடியும் அடிப்பாயா? கூடவே இருக்கப் போகிற பெண் உன் தலையை உள்ளபடி பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும்.

இன்னொன்று. 2020இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, மயிர்க்காலுக்குப் போகிற நரம்பு நார்அட்ரினலினைச் சுரந்து, நிறச் செல்களுக்கு மூலமான ஸ்டெம் செல்களையே தீர்த்துவிடுகிறது என்று கண்டார்கள். அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மனித முடிகளை ஆராய்ந்தவர்கள், சிலருடைய முடியில் அழுத்தம் குறைந்த காலத்தில் நிறம் கொஞ்சம் திரும்பியதாகவும் எழுதினார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்குப் புறநானூற்றின் 191ஆம் பாட்டு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் எண்ணெயையும் சொல்லவில்லை, மூலிகையையும் சொல்லவில்லை. மாண்புள்ள மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தன் மனம் அறிந்து நடக்கும் ஏவலர், தவறு செய்யாத அரசன், ஊரில் நிறைந்திருக்கும் சான்றோர் என்று வரிசையாகச் சொன்னார். அந்தப் பாட்டைத் தலைகீழாகத் திருப்பி, நரைத்தவனுக்கெல்லாம் மனக்குறை என்று சொல்வது நியாயமாகாது; உன் நரை உன் அப்பத்தா கொடுத்தது, அதை நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் மனம் திருப்பித்தான் படிக்கிறது. வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே இரவு இரண்டு மணி, இரண்டரை மணி என்று காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

உன் கல்யாணத்தில் அக்கா செய்ய வேண்டிய இணைச்சீருக்கென்று அவள் எடுத்து வைத்திருக்கிற புடவையை நீயும் பார்த்திருக்கிறாய். அவள் அவசரப்படுவதும் அப்பா நாள் பார்ப்பதும் உன் மேல் உள்ள ஆசையால்தான். அந்த ஆசைக்காக நீ உன் உடம்பைப் பணயம் வைப்பதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்பதாக உனக்குத் தோன்றினால், நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். அரப்புப் பொடியும், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் இருக்கின்றன. நரைத்த முடி சற்று வறண்டு முரடாக இருக்கும். சனிக்கிழமை எண்ணெய் வைத்து, அரப்புப் போட்டு அலசினால் அடங்கிப் படியும். கருப்பாகும் என்று சொல்லி நான் எதையும் அனுப்பவில்லை.

தரகரிடம் இருந்த பழைய போட்டோவை நேற்று வாங்கிவிட்டேன். கருப்புத் தலையோடு இருக்கிற அந்தப் படத்துக்குப் பதிலாக, சித்திரையில் சென்னிமலை அடிவாரத்தில் அக்கா எடுத்த படத்தைக் கொடுத்து, பெண் வீட்டாருக்கு அதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமைக்குள் உனக்குத் தெரியப்படுத்துகிறேன். அதுவரை எந்த டை பாக்கெட்டையும் வாங்காதே. வாங்கி வைத்திருந்தால் குப்பையில் போட்டுவிடு.

வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே கிளம்பு. ஈரோட்டில் அப்பா வண்டியோடு நிற்பார். இந்த இடத்துக்கு வரவே உனக்கு மனமில்லை என்றாலும், இப்போதைக்கு எந்த இடமுமே வேண்டாம் என்று தோன்றினாலும், வேறு எது உன் மனதில் இருந்தாலும், அக்கா வழியாகச் சொல்லியனுப்பாமல் என்னிடமே சொல். மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் வீட்டில் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா