ஜூன் மாதத்துப் பணம்

அன்புள்ள ராஜி,

நாங்கள் இங்கே நலம். நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நலமா? குளிர் குறைந்ததா? போன ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சிலேயே குழந்தை எழுந்துவிட்டாள், நீயும் போனை வைத்துவிட்டாய். சொல்ல நினைத்ததெல்லாம் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகத் தட்டி அனுப்ப எனக்கு வராது. அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நம்ம பழைய மாணவியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை நடந்தது. அதே பழைய அரங்கம்தான், மின்விசிறிகள் மட்டும் புதுசு. ‘கெமிஸ்ட்ரி ராஜி எங்கே’ என்று எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இந்த வருடம் சாதனையாளர் விருது மூன்று பேருக்கு. ஒருவர் மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கடற்பாசியில் ஆராய்ச்சி செய்கிறவர். மூன்றாமவளைப் பற்றித்தான் உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். நமக்கு இரண்டு வருடம் பின்னால் விலங்கியல் படித்தவள். கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியில் 22 வருடம் டீச்சராக இருந்திருக்கிறாள். காரவள்ளியிலிருந்து மலைக்கு மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். கீழே மாற்றல் வேண்டும் என்று அவள் ஒரு தடவைகூட மனு போடவில்லையாம். விருதுக் குழுவில் சிலர் தயங்கினார்கள். பெயர் தெரிந்தவராக இருந்தால் பேப்பரில் படம் வரும், நாலு பேர் நன்கொடை தருவார்கள் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. நல்லவேளை, விடவில்லை.

மேடையில் அவள் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. 1986இல் பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல், ஹால் டிக்கெட் கிடைக்காமல் அலுவலக வாசலில் நின்றிருக்கிறாள். மறுநாள் போய்க் கேட்டால், “உன் பேருக்குக் கட்டியாச்சு, போம்மா” என்றார்களாம். யார் கட்டியது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பதினைந்து வருடம் கழித்து, நம்ம தாவரவியல் மேடம் தவறியபோது துக்கம் கேட்கப் போயிருக்கிறாள். மேடத்தின் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினாராம். பச்சை மையில் பெயர், தொகை, தேதி. இவள் பெயருக்கு நேரே 185 ரூபாய். இப்படி ஐம்பதுக்கு மேல் பெயர்கள். திரும்பி வந்த பணத்தை எழுத அந்த நோட்டில் கோடு போட்டு இடமே விடவில்லையாம்.

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை, ராஜி. நமக்கு இலை நரம்பு வரையக் கற்றுக்கொடுத்த அதே கை. துணைப்பாடத்துக்கு மூன்று வருடம் அவரிடம் படித்தோம், நமக்கு இது தெரியவே தெரியாது.

மேடம் வகுப்பில் அடிக்கடி ஜானகி அம்மாள் பெயரைச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்தில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தாவரவியல் விஞ்ஞானி இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றித்தான் பேசினேன். நீ இப்போது மிச்சிகனில் இருப்பதால் உனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார், மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தார், அப்புறம் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை. அங்கிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும் வயசில் ஒரு பெண் கப்பலேறிப் போய்ப் படிக்க முடிந்தது என்றால் அதற்குக் காரணம் பார்பர் உதவித்தொகை. டெட்ராய்ட்டில் வழக்கறிஞராக இருந்த லீவை பார்பர் என்பவர் 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே ஏற்படுத்தியது. அவர் ஆசியப் பக்கம் பயணம் போனபோது, மிச்சிகனில் மருத்துவம் படித்துவிட்டுத் தங்கள் ஊருக்கே திரும்பி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களைச் சந்தித்திருக்கிறார். அவர்களைப் பார்த்த பிறகு வந்த எண்ணம்தான் இது. அந்த உதவித்தொகையை இன்றைக்கும் கொடுக்கிறார்கள்.

ஜானகி அம்மாள் 1931இல் அங்கே டாக்டர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மற்றப் புல்லினங்களையும் கலந்து கலந்து பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற மரபியல் விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையையெல்லாம் தொகுத்து 1945இல் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். 1956இல் மிச்சிகன் அவரைக் கூப்பிட்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1977இல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் நம்ம மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1984 பிப்ரவரியில் காலமானார். அப்போது நாம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினால் போய்ப் பார்த்துவிடும் தூரத்தில் அவர் இருந்திருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கிற ஆன் ஆர்பருக்கு மாப்பிள்ளை கூட்டிப் போனால் இரண்டு கட்டடங்களைப் பார்த்துவிட்டு வா. ஒன்று மார்த்தா குக், ஜானகி அம்மாள் தங்கியிருந்த பெண்கள் விடுதி. இன்னொன்று மிச்சிகன் லீக். அந்தப் பல்கலைக்கழகம் 1870இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் மாணவர்கள் கூடுகிற யூனியன் கட்டடத்தில் பெண்கள் துணைக்கு ஆள் இல்லாமல் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது என்று 1950கள் வரை வைத்திருந்தார்கள். சரி, நமக்கென்று ஒன்று கட்டுவோம் என்று பழைய மாணவிகள் இறங்கினார்கள். 1920களில் ஊர் ஊராகச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பத்து லட்சம் டாலர் திரட்டினார்கள். 1929இல் கட்டடம் திறந்தது. படித்து முடித்து வெளியே போன பிறகும், தங்களுக்குப் பிந்தி வருகிறவள் பக்கவாசலில் நிற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள் பார். நம்ம சங்கத்தில் 30,000 ரூபாய் சேர்க்கவே நாம் படுகிற பாடு எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பெண்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

அப்புறம் கணக்கு. இந்த வருடம் பொருளாளர் நான்தான். பழைய பேரேடுகளையெல்லாம் இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். 70களிலும் 80களிலும் எத்தனையோ பேர் அம்மா பெயரிலும் ஆசிரியர் பெயரிலும் அறக்கட்டளைப் பரிசு வைத்திருக்கிறார்கள். 1,000 ரூபாய் வைப்புநிதி, அதன் வட்டியில் முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்குப் பரிசு. அன்றைக்கு ஆயிரம் பெரிய தொகை, வட்டியில் ஒரு பெண் வருடத்துக்கு வேண்டிய புத்தகம் வாங்கியிருப்பாள். இன்றைக்கு 7 சதவீதம் என்றாலும் 70 ரூபாய்தான். கொடுத்தவர்கள் மனசு குறையவில்லை, பணம் தேய்ந்துவிட்டது. இப்படி 23 பரிசுகள். குடும்பத்தாரிடம் ஒப்புதல் வாங்கி, பெயர் ஒன்றும் விடுபடாமல், எல்லாவற்றையும் ஒரே உதவித்தொகை நிதியாகச் சேர்க்கலாம் என்று சொன்னேன். 14 குடும்பங்கள் சரி என்றுவிட்டன. அதில் ஐந்து வீட்டார் மேற்கொண்டு பணமும் போட்டார்கள். மீதிப் பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பாதி முகவரி மாறிப்போயிருக்கிறது.

இப்போது உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது.

உதவித்தொகைக்கு 31 விண்ணப்பம் வந்தது. எட்டுப் பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது. நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒரு பெண், இரண்டாம் வருடம் பி.எஸ்சி. கணிதம், மத்தியான ஷிப்ட், சுயநிதிப் பிரிவு. கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறாள். ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். ஒவ்வொரு உறையின் மூலையிலும் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாங்கள் கேட்கக் கேட்க, கீழே பார்க்காமலே சரியான உறையை எடுத்து நீட்டினாள். எத்தனை அலுவலக மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் இந்தப் பழக்கம் வரும்!

அப்பா இல்லை. அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதில்தான் சீசன் டிக்கெட், போன் ரீசார்ஜ், மிச்சம் இருந்தால் மளிகை. அந்தப் பணம் இல்லையென்றால் முதல் வருடமே நின்றிருப்பேன் மேடம் என்றாள். ஆனால் செமஸ்டர் கட்டணம் 18,000. ஜூனில் அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் ஜனவரியில் கொடுக்கிற பணம் அந்தக் கம்மலை மீட்கத்தான் போகிறது. நடுவில் ஏழு மாத வட்டி அவர்கள் தலையில். இத்தனை வருடமாகக் கொடுக்கிறோம், நமக்கு இது ஏன் தோன்றவில்லை? ஆண்டுக் கூட்டம் ஜனவரியில், அதனால் பணமும் ஜனவரியில். அவ்வளவுதான் காரணம்.

எல்லாம் முடிந்து எழுந்தவள் தயங்கி நின்றாள். “விழாவுக்கு அம்மாவும் வரணுமா மேடம்? ஒரு நாள் போகலைன்னா கூலி பிடிச்சிடுவாங்க” என்றாள். வர வேண்டாம் என்றேன். அப்புறமும் போகவில்லை. “போட்டோ எடுப்பீங்களா?” வகுப்பில் யாருக்கும் தெரியாதாம். தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடத்தின் பச்சை மை நோட்டே கண்முன் நின்றது. அடுத்த செயற்குழுவில் சொல்லிவிட்டேன்: விருது மேடையில் இருக்கட்டும், பொன்னாடை போடுவோம், கை தட்டுவோம், அது சாதித்தவளுக்குச் செய்கிற மரியாதை. உதவித்தொகை மேடைக்கு வர வேண்டாம். ஜூன் முதல் வாரத்தில் நேராகக் கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுவோம், ரசீதை அந்தப் பெண்ணின் கையில் கொடுப்போம். நன்கொடையாளர்கள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று முகம் பார்க்க ஆசைப்படுவார்களே என்று ஒருத்தி கேட்டாள். ஆசைப்படுவது தப்பில்லை, நானும் ஆசைப்படுவேன். அதனால் படித்து முடித்த பிறகு, விருப்பம் இருந்தால் அந்தப் பெண்ணே கடிதம் எழுதட்டும் என்று வைத்தோம். ஒரு மணி நேரம் பேசி, இந்த ஒரு வருடம் செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள். அது போதும் எனக்கு.

எட்டுப் பேருக்கு 1,44,000 வேண்டும். கையில் 96,000 இருக்கிறது. உன் மகள் தானும் தருகிறேன் என்று சொன்னதாகச் சொன்னாய். அவள் நல்ல மனசுக்கு நன்றி, ஆனால் அவள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டதால் நம்ம சங்கம் வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கு வேண்டிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு நமக்கு இல்லை. நீ மட்டும் உன் பென்ஷன் கணக்கிலிருந்து முடிந்ததை அனுப்பு. ஊரில் நம்ம செட்டில் இன்னும் பதினோரு பேரிடம் கேட்டிருக்கிறேன், ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள்.

லீக் கட்டடத்தின் முன்வாசலில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. மார்த்தா குக் பக்கம் மரம் செடி ஏதாவது இருந்தால் அதையும்.

அந்தப் பெண் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். கம்மலை மீட்டுவிட்டார்களாம். வருகிற ஜூனில் அது அவள் அம்மா காதிலேயே இருக்க வேண்டும், ராஜி.

அன்புடன்,
வசந்தா