றக்பி லீக் உலகக் கிண்ணம் ரத்தாகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கொரோனாக் காலத்தில் நின்றுபோன விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2021 றக்பி லீக் உலகக் கிண்ணமும் 'ரத்து' என்ற பட்டியலில் இருந்தது. அது ரத்தாகவில்லை. ஓராண்டு தள்ளிப்போய் 2022 அக்டோபர், நவம்பரில் இங்கிலாந்தில் முழுதாக நடந்து முடிந்தது. தள்ளிப்போன விதம்தான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.

றக்பியில் இரண்டு வகை. இலங்கையில் றோயல், திரித்துவக் கல்லூரிகளின் பிராட்பி கேடய ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்தது 15 பேர் ஆடும் யூனியன். லீக்கில் 13 பேர். நான் வசிக்கும் மேற்குச் சிட்னியில் 'ஃபுட்டி' என்றாலே அதுதான்.

2021 ஜூலை 22 அன்று அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விலகுவதாக அறிவித்தன. வீரர்களின் பாதுகாப்பே காரணம் என்றார்கள். சரி, அப்போது சிட்னி முடக்கத்தில் இருந்தது. எங்கள் கழக வீரர்கள் வீட்டை விட்டுக் குயின்ஸ்லாந்தில் தங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடு போய்த் திரும்பினால் 14 நாள் ஹோட்டல் அறையில் அடைபட வேண்டும். அந்தக் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மறுநாளே டோக்கியோவில் ஒலிம்பிக் தொடங்கியது. அங்கே அவுஸ்திரேலியர் மட்டும் நூற்றுக்கணக்கானோர். அதே ஆண்டு நவம்பரில் அவுஸ்திரேலிய யூனியன் அணி எடின்பரோ, லண்டன், கார்டிஃப் என்று போய் ஆடிவிட்டு வந்தது. லீக் வீரர்களுக்கு மட்டும் ஏன் முடியாமல் போனது?

16 ஆண்கள் அணிகளில் விலகியவை இரண்டுதானே என்று கேட்கலாம். சமோவா, டொங்கா, பிஜி அணிகளின் வீரர்களில் பெரும்பாலோர் இங்குள்ள கழகங்களில் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். அவர்கள் இல்லாமல் அந்த அணிகளைக் கூட்டவே முடியாது. இரண்டே வாரத்தில் முழுப் போட்டியையும் ஒத்திவைத்தார்கள். முடிவு எடுத்தது இரண்டு நாடுகள், காத்திருந்தது எல்லோரும்.

ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி என மூன்று பிரிவையும் முதல்முறையாக ஒன்றாக நடத்த இருந்தார்கள். மொத்தம் 61 ஆட்டங்கள். சக்கர நாற்காலி லீக்கில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். அங்கே பலசாலிகள் இங்கிலாந்தும் பிரான்சும். அவர்கள் விலகவே இல்லை. வயது ஏறிக்கொண்டிருந்த அந்த வீரர்களுக்கும் ஓர் ஆண்டு போனதுதான். 2022இல் மான்செஸ்டரில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு 4,500 பேருக்கு மேல் வந்தார்கள். கடைசி நிமிடங்களில் அணித்தலைவர் டொம் ஹாலிவெல் போட்ட ட்ரையால் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளிகள்) இங்கிலாந்து 28–24 என்று வென்றது. அதைப் பற்றித் தமிழில் ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் சமோவா. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60–6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. அரையிறுதியில் அதே இங்கிலாந்தை, மேலதிக நேரத்தில், ஸ்டீபன் கிரைற்றன் உதைத்த ஒற்றைப் புள்ளியால் 27–26 என்று வீழ்த்தியது. எங்கள் பக்கமெல்லாம் கார்களில் நீலமும் சிவப்புமாய்க் கொடிகள். இறுதி ஆட்டம் இங்கே விடிகாலை 3 மணிக்கு. பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பத்தோடு இருந்து பார்த்தேன். அவுஸ்திரேலியா 30–10 என்று வென்றது. ஆட்டம் முடிந்த பிறகும் அந்த வீட்டுப் பாட்டி பாடுவதை நிறுத்தவில்லை.

உண்மையிலேயே ரத்தானது 2020இல் நடக்க இருந்த இங்கிலாந்து–அவுஸ்திரேலியா றக்பி லீக் ஆஷஸ் தொடர் (கிரிக்கெட் ஆஷஸ் அல்ல). 2003க்குப் பிறகு அதுதான் முதல் தொடராக இருந்திருக்கும். கடைசியில் 2025இல்தான் நடந்தது. திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த உலகக் கிண்ணம் 2026இல் பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலேயே நடக்கிறது. சக்கர நாற்காலி ஆட்டங்களுக்கும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் தாருங்கள்.

அன்புடன்,
ஒரு நீண்டநாள் வாசகர்,
வென்ட்வர்த்வில், சிட்னி