தள்ளிப்போன வாலிபால் போட்டி

அம்மிணி,

நீ சேர்ந்திருக்கும் இளைஞர் குழுவைப் பற்றி எழுதியிருந்தாய். சிரியாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறீர்களாம், சந்தோசம். ஐ.நா. பாதுகாப்பு அவை 2015-இல் போட்ட 2250-ஆம் தீர்மானத்தையும் தேடிப் படித்தேன். அமைதி பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இளையவர்களும் இருக்க வேண்டும் என்கிறது, சரிதான். ஆனால் அதன் கணக்கில் இளைஞர் என்றால் 18 முதல் 29 வயது வரைதான். நம் ஊர் வாலிபால் கேப்டனுக்கு 34. பாவம், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். தை மாதப் போட்டிக்கு இந்தத் தடவை பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாம் பையன்களைத் தனி அணியாக விடவில்லை. சீட்டுக் குலுக்கி எல்லா அணியிலும் கலந்துவிட்டார்கள். "அவங்களுக்குத்தான் தனி டீம் இருக்குதுங்களே" என்று பெரியவர்கள் சிலர் முனகினார்கள். நம் ஊர்ப் பையன்கள் வாக்குவாதம் பண்ணவில்லை, அவர்கள் பாட்டுக்குக் குலுக்கினார்கள். அப்புறம்தான் சிக்கல் வந்தது. போட்டியன்று முகாமில் அதிகாரிகள் தலைக்கணக்கு எடுக்கிறார்கள் என்று தகவல். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பெயிண்ட் வேலைக்குப் போனவர்கள்கூட அன்றைக்கு முகாமுக்கு வந்துவிட வேண்டும். இங்கே நோட்டீஸ் அடித்தாயிற்று, மைக்செட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கேப்டன் யோசிக்கவே இல்லை, போட்டியைத் தள்ளி வைத்துவிட்டான். மைக்செட்டுக்காரரிடம் வாங்கிய ஏச்சுக்குக் கணக்கில்லை. அவ்வளவும் பண்ணி, அவன் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது வேறு கதை.

அந்த முகாம் பையன்கள் இங்கேயே பிறந்து, அணை மீனைத் தின்று வளர்ந்தவர்கள். பேச்சில் நம்மைவிட 'ங்க' அதிகம். பெற்றவர்கள் 1990-இல் சண்டைக்குத் தப்பிப் படகேறி, மண்டபம் வழியாக வந்தவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தர 2019-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்திலும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் நம் நாடு கையெழுத்தே போடவில்லை. முகாம்களில் 7,469 புது வீடுகள் கட்டித் தருவதாக 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல காரியம்தான். ஆனால் உன்னோடு படித்த முகாம் பிள்ளைகள் உன்னை மாதிரி பாஸ்போர்ட் எடுத்து வெளிநாடு போக முடியாது. இது டெல்லியில் தீர வேண்டிய விஷயம், வாலிபால் பையன்கள் கையில் இல்லை. அவர்கள் கையில் இருந்தது போட்டித் தேதி ஒன்றுதான்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வகுப்பு சனிக்கிழமை காலையில் என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தை யார் குறித்தது? அங்கே வருகிற தாய்மார்களுக்கு அது வேலை நேரமா, ஓய்வு நேரமா? உங்கள் குழு கூடி முடிவெடுக்கும்போது சிரியாக்காரர் யாராவது கூட உட்காருகிறார்களா? விசாரித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா